படத்தின் பின்பக்கம்

அன்புள்ள அங்கிள்,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் படித்த தமிழ். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். தாத்தா தவறி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அவர் அறையைக் காலி செய்தபோது அலமாரியின் மேலே ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே சாஸ்திரி காலேஜ் கால்பந்து அணியின் படம் ஒன்று இருந்தது. நடுவில் வைத்த பந்தில் வெள்ளையாக 1956 என்று எழுதியிருக்கிறது. ஒரு பிளேசர், ஒரு மெடல், கர்ரீஸ் ஃபவுண்டனில் நடந்த ஆட்டங்களுக்கு அச்சடித்த நோட்டீஸ்கள் நாலைந்து, இவையும் இருந்தன. மெடலை ஆயா (பாட்டி) வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து பாதி போய்விட்டது.

பெரியப்பா எல்லாவற்றையும் குப்பை என்கிறார். பழைய சாமான் வாங்கும் ஒருவர் பிளேசருக்கும் படத்துக்கும் விலை சொல்லியிருக்கிறார். விற்கலாமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "அந்தக் காலம் மாதிரி வராது" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது நிறவெறிச் சட்டம் ஆண்ட காலம்தானே? அதை நினைத்து ஒருவர் ஏங்கலாமா?

என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதல் வேலையாக ஆயாவிடம் சொல்லிப் புளியை நிறுத்து. குத்துவிளக்குக்கு அது சரி. முலாம் பூசிய மெடலில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு மயிரிழை போகும், கூடவே பொறித்த எழுத்தும் போகும். என் அம்மாவும் இதையேதான் செய்தார். பளபளப்பான வெறும் வட்டம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. எந்த ஆட்டத்துக்குக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

விலை எவ்வளவு என்று நீ எழுதவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம். படத்தைத் திருப்பிப் பார்த்தாயா? பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் பிறந்தது மேகசின் பேரக்ஸில். நகரசபைக்கு வேலை பார்த்த தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. அப்பா 1930களில் அங்கே ஒரு அணியில் ஆடியவர். அந்த அணியின் படம் எங்கள் சாமி அறைக்கு வெளியே தொங்கும். கீழே அச்சில் பெயர்கள் இருக்கும். பல வருஷம் கழித்து ஏதோ ஒரு பொன்விழாக் கண்காட்சிக்கு வேண்டுமென்று ஒரு சங்கத்தார் வந்து வாங்கிப்போனார்கள். நானும் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். படம் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் இவரிடம் இருக்கிறது, அவரிடம் இருக்கிறது என்றார்கள். ஆறேழு வருஷம் கழித்து ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில், மசாலா நெடிக்கு நடுவே, அப்பாவைப் பார்த்தேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழே பெயர் இருந்த பட்டையை வெட்டியிருந்தார்கள். கடைக்காரரிடம் யார் இவர்கள் என்று கேட்டேன். "பழைய காலத்து ஆளுங்க அங்கிள், அழகா இருக்குல்ல?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெயர் போன படம் அழகாக இருப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

உன் படத்தில் பெயர்கள் அச்சாகியிருந்தாலும் அதோடு விட்டுவிடாதே. நம் பெயர்களின் சங்கதி உனக்குத் தெரியும். கப்பல் குமாஸ்தாவும் பள்ளிக் குமாஸ்தாவும் எழுதியதில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். படத்துக்குக் கீழே எம். நாயுடு என்று ஒருவர் இருந்தால் அதே வரிசையில் இன்னொரு எம். நாயுடுவும் இருப்பார். ஆட்டக்காரரை ஊர் அறிந்தது பட்டப்பெயரால்தான். ஆகவே பட்டப்பெயர் என்ன, எந்தத் தெரு, எந்த இடத்தில் ஆடினார், பிறகு என்ன வேலைக்குப் போனார், இவ்வளவையும் கேட்டு எழுத வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாஸ்திரி காலேஜ் என்பது பேருக்குத்தான் காலேஜ். அது பையன்களின் உயர்நிலைப் பள்ளி, கூடவே ஆசிரியர் பயிற்சியும் உண்டு. இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி நம் ஜனங்களிடம் பணம் திரட்டிக் கட்டவைத்தது, 1929இல் திறக்கப்பட்டது. 1936 முதல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி, வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அங்கேதான் வகுப்பு நடத்தியது, அதுவும் பகுதி நேரமாக. அந்த வகையில் உன் தாத்தா காலேஜ் என்று சொன்னதில் பாதி உண்மை உண்டு.

காலேஜை ஒட்டியே கர்ரீஸ் ஃபவுண்டன். கறி ஊற்று என்று நினைத்துவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கர்ரி என்பவர் தோண்டிய கிணறு, டர்பனுக்கே தண்ணீர் கொடுத்த இடம். பிறகு நாங்கள் ஆட விடப்பட்ட மைதானம். சனி ஞாயிறுகளில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அங்கே பார்த்த ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு ஞாபகமில்லை. தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாகிவிடும், அதைத் தலையால் முட்டியவனின் நெற்றியில் லேஸ் முடிச்சு பதிந்திருக்கும். அது ஞாபகம் இருக்கிறது.

சரி, உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே 1903 முதலே இந்தியர் கால்பந்துக்குத் தனிச் சங்கம் உண்டு, மாகாணங்களுக்கிடையே சாம் சைனா கோப்பையும் உண்டு. வெள்ளையர்களோடு ஆட இடமில்லை, அதனால் தனியே ஆடினோம். 1951இல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரின் சங்கங்களும் ஒரே சம்மேளனத்தில் சேர்ந்தன. 1961இல் யாரும் ஆடலாம் என்று ஒரு தொழில்முறை லீக்கே தொடங்கினார்கள். அதே வருஷம் ஃபிஃபா வெள்ளையர் சங்கத்தை விலக்கிவைத்தது. நகரசபைகள் மைதானம் தராமல் நெருக்கியதில் ஐந்தாறு வருஷத்தில் அந்த லீக் நின்றுபோனது. உன் தாத்தா 1956இல் மார்பில் கை கட்டி நின்றது இந்தக் கதையின் நடுவில்.

அவர் ஏங்கியது அந்த அரசாங்கத்துக்காக இருக்காது. பதினோரு பேரும் ஆட்டம் முடிந்து நடந்தே வீட்டுக்குப் போகும் தூரத்தில் இருந்தார்கள். அதற்காக ஏங்கியிருப்பார். 1958இல் டர்பனை இனவாரியாகக் கோடு கிழித்தார்கள். அதன்பின் கேட்டோ மேனர், பேரக்ஸ் எல்லாம் காலியாகி நாங்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் எண் போட்ட யூனிட்டுகளுக்குப் போனோம். ஒரு அணி ஐந்து யூனிட்டுகளில் சிதறியது. லாரியில் ஏற்றும்போது என்னென்ன விட்டுப் போயிற்று தெரியுமா? கட்டிலை விட முடியாது, அம்மியை விட முடியாது. படமும் கோப்பையும்தான் முதலில் போயின. உங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி தப்பியிருக்கிறதென்றால் யாரோ அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். தாத்தா லாரியின் பின்னால் சாமான்களைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். எனவே மடியில் வைத்தது ஆயாவாக இருக்கும் என்பது என் ஊகம். அவரிடம் கேள். ஜெர்சியைத் துவைத்ததும் பிளேசரில் சின்னத்தைத் தைத்ததும் யார் என்பதையும் கேள். எந்த நோட்டீஸிலும் அது அச்சாகியிருக்காது.

ஆனால் "வராது" என்ற பேச்சை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மதம் பார்த்து, மொழி பார்த்து அணி சேர்த்தவர்கள் நமக்குள்ளும் இருந்தார்கள். பந்து பொறுக்கிப் போடக்கூடப் பெண் பிள்ளைகளை விடவில்லை.

என் ஏக்கம் இன்னும் கோணலானது. 1968இல் நான் சாலிஸ்பரி தீவில் படித்தேன். இந்தியர்களுக்கென்று 1961இல் அரசாங்கம் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரி அது. துறைமுகத்துக்குள் இருந்த பழைய கடற்படைத் தளம். கோட்டும் டையும் கட்டாயம். "புஷ் காலேஜ்", அதாவது காட்டுக் காலேஜ் என்று நாங்களே கேலி செய்வோம். கால்பந்து அணியில் நான் நிரந்தர ரிசர்வ். ஒரு ஆட்டத்தில் கடைசி பத்து நிமிஷம் இறங்கினேன், பந்து என்னிடம் வரவில்லை. காலேஜ் சின்னம் போட்ட பிளேசர் வாங்கச் சொன்னபோது இந்த அரசாங்கத்தின் முத்திரை என் நெஞ்சில் வேண்டாம் என்று வீறாப்பாக மறுத்தேன். 1972இல் எல்லாம் வெஸ்ட்வில்லுக்குப் போய்விட்டது. இன்று ஏலப் பட்டியல்களில் நான் தேடுவது அந்த பிளேசரைத்தான். கிடைத்தாலும் பொத்தான் போட முடியாது.

இனி காரியம். படத்தை லேமினேட் செய்யாதே. செலோடேப் ஒட்டாதே. பின்னால் எழுத மிருதுவான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் அழுந்தித் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய். பிளேசரைத் துவைக்காமல் நிழலில் ஆற்றி, பழைய பருத்திச் சேலையில் சுற்றி வை. டர்பன் ஈரத்துக்கு பிளாஸ்டிக் பை வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. அந்துருண்டை துணியில் நேராகப் படக்கூடாது. அப்புறம் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, நகரத்தில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்கிக்கொண்டு கொடு, என்னைப்போல ஏமாறாதே. பிளேசரை விற்பது உன் இஷ்டம், குடும்பத்துக்குப் பணம் தேவையென்றால் அதில் ஒன்றும் தப்பில்லை. நோட்டீஸ்களை விற்காதே. அன்றைக்கு யார் யாரோடு ஆடினார்கள் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும். படத்தை பெயர் எழுதி முடிக்கும்வரை வீட்டைவிட்டு அனுப்பாதே.

பெயருக்கு ஒரு வழி இருக்கிறது. 1992 ஜூலை 7 அன்று கிங்ஸ் பார்க்கில் கேமரூனோடு நம் நாடு மறுபடி சர்வதேச ஆட்டத்துக்கு இறங்கியபோது என் பக்கத்தில் ஒரு சிநேகிதர் உட்கார்ந்திருந்தார். அவர் சாஸ்திரியின் பழைய கோல்கீப்பர். நம் அணியின் டாக்டர் குமாலோ பெனால்டி அடித்து 1-0 என்று ஜெயித்தபோது மைதானமே எழுந்து குதித்தது. இவர் மட்டும் உட்கார்ந்தபடி விரல் விட்டு யார் யார் பெயரையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இப்போது அவருக்கு 86 வயது. காலையில் எல்லாம் தெளிவாகச் சொல்வார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னையே யார் என்று கேட்பார். வருகிற ஞாயிறு பத்து மணிக்குள் படத்தோடு வந்துவிடு. முடிந்தால் ஆயாவையும் அழைத்து வா. பென்சில் நான் சீவி வைக்கிறேன்.