‘எனக்கு எலும்பு கனம்’: சரி, எத்தனை கிலோவுக்கு?

கேள்வி: என் வயது 36. உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. பத்து கிலோ குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தாட்டியான உடம்பு. “உனக்கு எலும்பு கனம், இந்த எடைதான் உனக்கு அளவு” என்கிறார் அம்மா. என் கணவர் 170 செ.மீ., 64 கிலோ. பார்த்தால் ஒல்லிதான். அவருக்கோ வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்திருக்கிறது. உடல்வாகுக்குத் தகுந்தபடி சரியான எடை மாறுமா? மணிக்கட்டுச் சுற்றளவு எனக்கு 16.2 செ.மீ., அவருக்கு 15.8. வயிற்றுச் சுற்றளவு எனக்கு 88. அவர் போடுவது 34 சைஸ் பேன்ட். ஆனால் தொப்புளுக்கு மேல் டேப் வைத்தால் 92 செ.மீ. காட்டுகிறது.

பதில்: மாறும். மேலே பத்து சதவீதம், கீழே பத்து சதவீதம். உங்கள் உயரத்துக்கு அது 5 கிலோ. அந்த 5 கிலோவை உங்கள் அம்மா சொல்கிற எலும்புக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பது எலும்பு இல்லை.

வளர்ந்த பெண்ணின் எலும்புகள் எல்லாம், மஜ்ஜையும் ஈரமும் சேர்த்தே, ஏறக்குறைய 8 கிலோதான் இருக்கும். ஆணுக்கு 10, 11 கிலோ. ஒருவரின் எலும்பு மற்றவரைவிட இருபது சதவீதம் கனம் என்றே வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் ஒன்றரை, இரண்டு கிலோ. அகன்ற தோளும் அகன்ற இடுப்பெலும்பும் கூடுதலாகத் தசையைத் தாங்கும். அதையும் கூட்டித்தான் அந்தப் பத்து சதவீதம்.

அடுத்து, உங்களுக்கு நிஜமாகவே பெரிய உடல்வாகுதானா என்று பார்ப்போம். ‘எங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான்’ என்பது சான்று ஆகாது. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடும் ஓடுகிறது. ‘எனக்கு 2.8 வளையல்தான் ஏறும்’ என்பதும் உதவாது. வளையல் சைஸ் காட்டுவது மணிக்கட்டை அல்ல, விரல் மூட்டுகளுக்கு நேரே உள்ளங்கை எவ்வளவு குறுகி மடங்குகிறது என்பதை. கட்டை விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டைச் சுற்றிக் கோர்த்துப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். நீள விரல்காரர் எல்லோரும் அதில் ‘சிறிய உடல்வாகு’ ஆகிவிடுவார்கள்.

நம்பத்தகுந்தது, உயரத்தை மணிக்கட்டுச் சுற்றளவால் வகுக்கும் கணக்கு. இரண்டையும் செ.மீட்டரிலேயே எடுங்கள். பெண்களுக்கு விடை 11-க்கு மேல் வந்தால் சிறிய உடல்வாகு, 10.1 முதல் 11 வரை நடுத்தரம், 10.1-க்குக் கீழே பெரியது. ஆண்களுக்கு 10.4-க்கு மேல் சிறியது, 9.6 முதல் 10.4 வரை நடுத்தரம், அதற்குக் கீழே பெரியது. உங்களுக்கு 158-ஐ 16.2-ஆல் வகுத்தால் 9.75. பெரிய உடல்வாகுதான், அம்மா சொன்னது பாதி சரி. உங்கள் கணவருக்கு 170-ஐ 15.8-ஆல் வகுத்தால் 10.76. அவருடையது சிறியது.

டேப் வைக்கும் இடம் தவறினால் இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும். வலது கையின் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டில் ஓர் எலும்பு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். டேப் அதன் மேல் ஏறக்கூடாது. முண்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, கை மடங்குகிற குறுகலான பள்ளத்தில் சுற்ற வேண்டும். வளையல், வாட்ச், கயிறு எல்லாம் கழற்றிவிடுங்கள். தையல்காரரின் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். முதலில் ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டிவைத்துச் சரிபாருங்கள். மூன்று தடவை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுங்கள். அரை செ.மீ. பிசகினால் என்ன ஆகும் என்று உங்கள் எண்ணிலேயே பாருங்கள். 16.2-க்குப் பதில் 15.7 என்றால் விடை 10.06, பெரிய உடல்வாகின் விளிம்பு. 15.2 என்றால் 10.4, நடுத்தரம். காலையில் அளப்பது நல்லது, மாலையில் கை சற்று உப்பியிருக்கும். கர்ப்பிணிகளும், தைராய்டு குறைபாடோ சிறுநீரகக் கோளாறோ இருந்து கைகால் வீங்குகிறவர்களும் இந்த அளவை நம்பக்கூடாது.

மணிக்கட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. உடம்பு பருக்கப் பருக்க அங்கேயும் கொஞ்சம் கொழுப்பு சேரும். குண்டானவரின் உடல்வாகை அது பெரிதாக்கிக் காட்டிவிடும். அதனால் உங்களைப் போல எடை கூடியிருப்பவர்கள் முழங்கையையும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது, அங்கே எலும்புக்கு மேல் தோல்தான். கையை முன்னால் நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விரல்கள் மேலே பார்க்க, மணிக்கட்டின் உட்புறம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையின் இரு பக்கமும் துருத்தும் எலும்புகளுக்கு இடையே உள்ள அகலம்தான் அளவு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு பிடித்து, அப்படியே ஸ்கேலில் கொண்டுபோய் வைத்தால் வழியிலேயே விரல் விரிந்துவிடும். லேத் பட்டறையில் வைத்திருப்பார்களே வெர்னியர் காலிப்பர், அதன் பிளாஸ்டிக் வகை போதும். அழுத்திப் பிடியுங்கள், ஆனால் வலிக்க வேண்டாம். இந்த வேலைக்கு இன்னொருவர் கை வேண்டும்.

நடுத்தர உடல்வாகின் முழங்கை அகலம், செருப்பில்லாமல் 145 முதல் 158 செ.மீ. வரை உயரமுள்ள பெண்களுக்கு 5.7 முதல் 6.4 செ.மீ.; 160 முதல் 168 வரை உயரத்துக்கு 6.0 முதல் 6.7. ஆண்களில் 160 முதல் 168 வரை உயரத்துக்கு 6.7 முதல் 7.3, 170 முதல் 178 வரைக்கும் 7.0 முதல் 7.6. இதைவிடக் குறைந்தால் சிறியது, கூடினால் பெரியது. உங்கள் முழங்கை 6.4-ஐத் தாண்டினால் பெரிய உடல்வாகு என்பது உறுதி. தாண்டவில்லையென்றால் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கையை நம்புங்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1942-43-இல் எடை அட்டவணை வெளியிட்டபோது சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என்று மூன்றாகப் பிரித்தது. யார் எந்த வகை என்று அளக்க வழி எதுவும் சொல்லவில்லை. நாற்பது வருடம் ஆளாளுக்குத் தம்மைப் ‘பெரியது’ என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. 1983 அட்டவணையில்தான் முழங்கை அகலம் வந்தது. அதிலும் ஒரு இஞ்ச் குதிகால் செருப்போடு உயரமும், உடையோடு எடையும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆணின் உடைக்கு 5 பவுண்டு, பெண்ணின் உடைக்கு 3 பவுண்டு. இதைக் கழிக்காமல் அந்த அட்டவணையை அப்படியே தமிழில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து எடையைத் தீர்மானிக்காதீர்கள்.

கணக்குக்கு வருவோம். 1964-இல் ஹாம்வி என்ற மருத்துவர் கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஐந்தடிக்கு, அதாவது 152.4 செ.மீட்டருக்கு, பெண்ணுக்கு 45.4 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீட்டருக்கும் 0.9 கிலோ. ஆணுக்கு 48 கிலோவும், செ.மீட்டருக்கு 1.07 கிலோவும். பெரிய உடல்வாகுக்குப் பத்து சதவீதம் கூட்ட வேண்டும், சிறியதற்குக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 50.4 வரும், கூட்டினால் 55.4 கிலோ. ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுத்து வரும் எண்) வழியில் போகலாம்: மீட்டரில் உயரத்தை உயரத்தால் பெருக்கி, 18.5-ஆல் பெருக்கினால் கீழ் எல்லை, 22.9-ஆல் பெருக்கினால் மேல் எல்லை. 148 செ.மீ. பெண்ணுக்கு 40.5 முதல் 50 கிலோ வரை. சிறிய உடல்வாகு அந்த இடைவெளியின் கீழ்ப்பாதியில் நிற்கட்டும், பெரியது மேல்பாதியில்.

இந்த வழியில் உங்கள் எல்லை 46 முதல் 57 கிலோ. மேல்பாதி 52-இலிருந்து 57. ஆகவே உங்களுக்குப் பொருந்துவது 55 முதல் 57 கிலோ. இதே உயரமுள்ள மெல்லிய எலும்புக்காரப் பெண் 46-இல் நலமாக இருப்பார். நீங்கள் அங்கே போக முயன்றால் தசைதான் கரையும். அவ்வளவுதான் எலும்பு உங்களுக்குத் தரும் சலுகை. 66-க்கும் 57-க்கும் இடையே உள்ள 9 கிலோவுக்கு அது பொறுப்பேற்காது. மருத்துவர் சொன்ன பத்து கிலோ ஏறக்குறைய சரியே. உங்கள் பி.எம்.ஐ. 26.4, இந்திய வரையறையில் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். வயிறு 88 என்பது பெண்களுக்கான 80 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. எலும்பு வயிற்றில் வளர்வதில்லை.

உண்மையில் உங்களைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அவர் பி.எம்.ஐ. 22.1, எந்த அட்டவணையும் ‘சரி’ என்றே சொல்லும். ஆனால் சிறிய உடல்வாகுக்குச் சூத்திரம் தரும் எடை 66.8-இலிருந்து பத்து சதவீதம் கழித்து 60 கிலோ. எலும்பும் தசையும் குறைவாக உள்ள உடம்பில் 64 கிலோ இருந்தால், மீதி எங்கே தங்கியிருக்கிறது என்பதை அந்த 92 சொல்லிவிடுகிறது. ஆண்களுக்கு எல்லை 90. உயரத்தில் பாதி என்று பார்த்தால் 85. பேன்ட் சைஸ் 34 என்பதில் ஆறுதல் இல்லை. பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளப்பதுதான் அளவு. பெண்களும் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள்.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் என்ற மருத்துவ இதழில் அருகருகே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடலின் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மெல்லிய எலும்பும் ஒல்லிக் கைகால்களும் உள்ள தெற்காசியரைத் தராசு எப்படி ஏமாற்றும் என்பதற்கு அந்தப் படம் போதும். 112 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 100 முதல் 125 வரை அதில்தான் சேரும். ஹெச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒருமுறை பார்த்துவிடுங்கள், 5.7-க்கும் 6.4-க்கும் இடையே வந்தால் அதே கதைதான்.

இருவருக்கும் செய்முறை வேறு. உங்களுக்கு முதல் இலக்கு மூன்று கிலோ, வாரத்துக்கு அரை கிலோவுக்குள். தினம் 500 கலோரி குறைந்தால் அது நடக்கும். அது பட்டினி இல்லை: மதியம் ஒரு கப், இரவு அரை கப் சோறு குறைத்தால் 300, மூன்று டீயில் போடும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையை நிறுத்தினால் 120, தாளிப்பிலும் பொரியலிலும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் குறைந்தால் 90. அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம் கூடட்டும். அது சேர்க்கும் கலோரி போக வேகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. கூடவே தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு எடை இலக்கு வைக்காதீர்கள். வாரம் மூன்று நாள் தசைக்கான பயிற்சி, தண்டால், பஸ்கி, எடை தூக்குதல், எது வேண்டுமானாலும். தசை ஏறி, கொழுப்பு இறங்கினால் தராசு முள் நகராமலும் இருக்கலாம். அவர் பார்க்க வேண்டியது டேப்பை: 92 முதலில் 90-க்குக் கீழே, பிறகு 85-ஐ நோக்கி.

மூன்று மாதம் கழித்து அதே டேப்பில், அதே காலை நேரத்தில் மறுபடி அளங்கள். உங்கள் மணிக்கட்டு 16.2-இலிருந்து 15.9 ஆகியிருக்கலாம். எலும்பு தேய்ந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், போனது அதன் மேலிருந்த கொழுப்பு. 158-ஐ 15.9-ஆல் வகுத்தாலும் 9.94 வரும், நீங்கள் அப்போதும் பெரிய உடல்வாகுதான்.