முயல் இரவிலிருந்து சாப்பிடவில்லை, காத்திருக்கலாமா?

நேற்று இரவிலிருந்து முயல் எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை, மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறது, நாளை வரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, இப்போதே கால்நடை டாக்டரிடம் கிளம்புங்கள்.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10, 12 மணி நேரம் தீனி போகாவிட்டாலே அசைவு நின்று வாயு கட்டிக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. நறநறவென்று பல்லைக் கடிப்பது வலியில்தான். தடவிக் கொடுக்கும்போது மெதுவாகக் கடிப்பது வேறு.

கிளம்புமுன் காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். காது கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெயில் தாக்கியிருக்கலாம். அப்போது சூடு கூடாது. காதைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வயிறு மத்தளம் போல இறுகியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். வீட்டில் மீந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து அறவே வேண்டாம். வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்து.

என் முயலுக்கு இப்படி ஆனபோது கொத்தமல்லியை நீட்டினேன். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலை வரை காத்திருந்தேன், பிழைக்கவில்லை.

எல்லா டாக்டரும் முயல் பார்ப்பதில்லை, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுத்திருக்கிறதா, முடி கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம், எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.