வாரம் ஒரு கையெழுத்து என்றுதான் ஆணை. தினமும் வரச் சொல்கிறார் அதிகாரி

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையோரக் கிராமம் எங்களுடையது. மத்திய சிறையிலிருந்து என் கணவர் பரோலில் வந்திருக்கிறார். வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்து என்று ஆணையில் இருக்கிறது. ஆனால் அங்கே தினமும் வரச் சொல்லி, காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். தேங்காய்க் களத்து வேலை போய்விட்டது. கேட்டால், "ரிப்போர்ட் எழுதினால் அடுத்த பரோலே கிடையாது" என்கிறார் அதிகாரி. மனு கொடுத்தால் மலையாளத்தில் எழுதிவா என்கிறார்கள். ஒரு நாள் என்னையும் வரச் சொன்னார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கோபத்தில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடக் கூடாது. ஆணையில் உள்ள நாளில் ஒன்று தவறினாலும் நியாயம் அந்தப் பக்கம் போய்விடும்.

பரோலுக்கு நிபந்தனை போடுவது பரோல் கொடுத்தவரின் அதிகாரம். அது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஸ்டேஷனின் வேலை. வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று அவர்களாக மாற்ற முடியாது. ஆனால் அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அடுத்த பரோலுக்குப் போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலரின் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கையும் கேட்கப்படும். அதனால் அந்த ஃபைலில் அவர் எழுதுவது மட்டுமே இருக்கக் கூடாது. உங்கள் காகிதமும் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், யார் வரச் சொன்னார். உள்ளே போட்டோ, வீடியோ எடுக்க வேண்டாம். அதுவே தனி வம்பாகிவிடும். எதிர் டீக்கடையில் ஜிபே செய்த நேரம்கூட சாட்சிதான். களத்து முதலாளியிடம் எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அப்புறம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. இன்னின்ன தேதிப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மனு. இதை முதலில் புகாராக எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள். "ஆணையில் வாரம் ஒருமுறை என்று உள்ளது. இன்ன தேதி முதல் தினமும் அழைக்கப்படுகிறேன். ஆணை மாற்றப்பட்டுள்ளதா என்று எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். கொடுமை, அராஜகம் என்ற வார்த்தைகள் ஒன்றுகூட வேண்டாம். கேள்வி என்றால் மேலதிகாரி யாரையும் தண்டிக்காமலே ஒரு போனில் சரிசெய்துவிடலாம். புகார் என்றால் தன் ஆளைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். ஆணையில் கையெழுத்திட்டவருக்கு அனுப்பி, மாவட்டப் போலீஸ் தலைமைக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் நகல் போடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் மேஜையில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் காகிதம் அடியில் போய்விடும். ஒரு மலையாள நகலும் சேர்த்து வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம் இருக்கிறது. 2011 கேரள போலீஸ் சட்டத்தில் வந்த அமைப்பு, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் இயங்குவது. டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீது அங்கே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

உங்களை ஸ்டேஷனுக்கு அழைத்ததைப் பற்றி: வழக்கு விசாரணையில் சாட்சியாகக் கேட்பதானால்கூட ஒரு பெண்ணை அவர் வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். பரோல் கணவருக்கு, உங்களுக்கு அல்ல. போக வேண்டாம்.

காசு ஏதும் கேட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால், கொடுப்பதற்கு முன்பே 1064இல் லஞ்ச ஒழிப்புப் போலீஸான விஜிலன்ஸுக்குச் சொல்லுங்கள். கட்டாயத்தில் கொடுத்துவிட்டாலும் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் கொடுத்தவர் தப்பிக்க முடியும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் சந்தை, ஆஸ்பத்திரி என்று பொள்ளாச்சிக்குப் போய்வருவது சாதாரணம். கோபாலபுரம் தாண்டினால் வேறு மாநிலம் என்றே தோன்றாது. ஆணையில் மாநிலத்தை விட்டுப் போகக் கூடாது என்றிருந்தால் அது மீறல்தான். முன்அனுமதி வாங்காமல் போக வேண்டாம். உங்கள்மேல் கடுப்பில் இருக்கும் அதிகாரிக்கு அது ஒன்றே போதும்.

சிறைக்குத் திரும்ப வேண்டிய நாளில், மனுவுக்குப் பதில் வந்திருந்தாலும் வராவிட்டாலும், குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேரச் சொல்லுங்கள். நோட்டும் ரசீதும் உங்களிடமே இருக்கட்டும்.