15 வயதில் தொடங்கிய 'எராகன்': கிறிஸ்டோபர் பவோலினி கேள்வி பதில்

'எராகன்' என்ற டிராகன் கதை நாவலை எழுதிய பவோலினியைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் அவருடைய வயதைப் பற்றித்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: 15 வயதிலேயே நாவல் வெளியிட்டாராமே, நிஜமா அண்ணா?

இல்லை தம்பி. 15 வயதில் எழுத உட்கார்ந்தார், அவ்வளவுதான். 1983 நவம்பரில் பிறந்தவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பாரடைஸ் வேலி என்ற பள்ளத்தாக்கில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டிலேயே படிப்பு. அஞ்சல் வழியில் உயர்நிலைப் படிப்பை 15 வயதில் முடித்துவிட்டதால் கையில் நேரம் இருந்தது.

அதற்கு முன்பும் கதைகள் ஆரம்பித்திருக்கிறார். எதுவும் தொடக்கத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் கதை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் கதைக்கட்டு பற்றிய புத்தகங்களைப் படித்தார். ஒரு மாதம் உட்கார்ந்து மூன்று பாகத் தொடர் முழுவதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டார். அப்புறம்தான் எழுத்து. முதல் வரைவுக்கு ஒரு வருஷம். வாசித்துப் பார்த்தால் அவருக்கே பிடிக்கவில்லை. திருத்தி எழுத இன்னொரு வருஷம். பிறகு அப்பா அம்மாவிடம் கொடுத்தார். பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை என்று மூன்றாவது வருஷமும் போனது. அந்தப் பதிப்பின் அட்டையில் இருந்த டிராகன் கண் அவரே வரைந்தது. 2002-இல் குடும்பப் பதிப்பகம் வழியாகப் புத்தகம் வந்தபோது வயது 18. க்னாஃப் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகம் 2003 ஆகஸ்டில் வெளியிட்டபோது 19.

இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதல் வரைவை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: அப்பா அம்மாவே பதிப்பகம் வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் எழுத்தாளர் ஆகிவிடலாமே சார்?

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பதிப்பகம் என்றதும் பெரிய கட்டடம், விற்பனைப் பிரிவு என்று கற்பனை செய்துகொள்கிறீர்கள். அது வீட்டுக்குள் நடந்த சின்னத் தொழில். மகனுடைய நாவலில் இறங்கிய பிறகு, புத்தகம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

விற்றது எப்படி? நூலகம், பள்ளி, புத்தகக் கடை என்று 135-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். சிவப்புச் சட்டை, தொளதொளவென்று கறுப்புக் கால்சட்டை, முன்னால் கயிறு கட்டிய பூட்ஸ், கறுப்புத் தொப்பி என்று இடைக்கால உடையில் மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் பேசினார். நன்றாகப் போன நாளில்கூட எட்டு மணி நேரத்துக்கு நாற்பது பிரதிதான் விற்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாடு பட்ட பையனைப் பார்த்து 'அப்பா பதிப்பகம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அநியாயம்.

கேள்வி: (அதே நண்பர்) இருந்தாலும் கார்ல் ஹையாசென் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டம்தான், யார் இல்லை என்றது? 2002-இல் நாவலாசிரியர் ஹையாசென் குடும்பத்தோடு மொன்டானாவுக்கு விடுமுறைக்கு வந்தார். அவருடைய வளர்ப்பு மகன் ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டுப் பிரமாதம் என்றான். ஹையாசென் க்னாஃபுக்குச் சொன்னார். ஆனால் அந்தப் பையன் பார்க்கும்போது புத்தகம் கடையில் இருந்தது. படித்து முடிக்கும் அளவுக்கு அவனைப் பிடித்து வைத்தது. இந்த இரண்டையும் அதிர்ஷ்டம் செய்யவில்லை.

கேள்வி: (மறுபடியும் அவரே) வேலைக்குப் போகிற பையனுக்கு மூன்று வருஷம் கிடைக்குமா?

கிடைக்காது. இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சம்பாதிக்கச் சொல்லாத வீடு, மாண்டிசோரி ஆசிரியையாகப் பயிற்சி பெற்ற அம்மா, கூடவே உட்கார்ந்து பிழை திருத்திய குடும்பம் எல்லாம் அவருக்கு வாய்த்தன. முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காது. பதிப்பகத்தைவிட அந்த நேரம்தான் பெரிய கொடை.

கேள்வி: கதை பல இடங்களில் கேட்ட கதைதானே?

முதல் பாகத்தின் எலும்புக்கூடு பழையது. பண்ணையில் வளரும் பையன், வயதான குரு, கொடுங்கோல் அரசன். குறை சொல்பவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் டிராகனுக்கும் பையனுக்கும் நடுவே மனசுக்குள் நடக்கும் பேச்சு, மந்திரம் போட்டால் உடம்பின் பலமே செலவாகும் என்ற விதி, இவற்றைக் கடைசிவரை கைவிடாமல் கொண்டுபோயிருக்கிறார். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வாசகரை உள்ளே இழுப்பது அதுதான்.

கேள்வி: எத்தனை வயதில் எழுதினார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: படம் ஏன் நன்றாக இல்லை?

2006 டிசம்பரில் வந்தது. திரைக்கதை அவருடையதல்ல. சினிமாக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடைய ஃபேன்டஸி நாவலின் முதல் வரைவு தயார். அடுத்த வாரம் நானே வெளியிடப் போகிறேன். வாழ்த்துங்கள் அண்ணா!

எழுதி முடித்ததற்கு மனசார வாழ்த்து. அடுத்த வாரம் வேண்டாம் தம்பி. மேலே சொன்னதுதான்: முதல் வரைவு அச்சுக்கு அல்ல.

கேள்வி: பிரபலமான பிறகு எழுதுவது சுலபமாகியிருக்குமே?

இல்லவே இல்லை. மூன்று பாகம் என்று திட்டமிட்ட தொடர் நான்கானது. 'எல்டஸ்ட்' 2005, 'பிரிசிங்கர்' 2008, 'இன்ஹெரிடன்ஸ்' 2011. 'பிரிசிங்கர்' அமெரிக்காவில் முதல் நாளே 5,50,000 பிரதி விற்றது. ஆனால் அடுத்த பெரிய நாவல், 'டு ஸ்லீப் இன் எ சீ ஆஃப் ஸ்டார்ஸ்' என்ற அறிவியல் புனைவு, வருவதற்கு 2020 ஆகிவிட்டது. நடுவே 2018 கடைசியில் ஒரு சின்னக் கதைத் தொகுப்புதான். அந்த அறிவியல் நாவலின் முதல் வரைவை முடித்துக் கொடுத்தபோது, படித்தவர்கள் சரியாக வரவில்லை என்றார்கள். கோடிக்கணக்கான பிரதிகள் விற்றவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, யார் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கதையை அடியிலிருந்து யோசித்து மறுபடி கட்டினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது 'எராகன்' எழுதியதற்காக அல்ல, இதற்காக.

கேள்வி: 'முர்டாக்' நாவலை முதலில் படிக்கலாமா?

வேண்டாம். 2023-இல் வந்த அந்த நாவல் நான்கு பாகங்களுக்குப் பிறகு நடப்பது. 'எராகன்' எடுத்து வரிசையாகப் போங்கள்.