நுனிக்காலில் நிற்கும் பிள்ளை

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகனுக்கு இப்போது இரண்டரை வயது. நிற்க வைத்தால் நுனிக்காலில் நிற்கிறான்; கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்கின்றன. மூளை முடக்குவாதம் என்கிறார்கள். வயது ஏற ஏற முற்றுமா? எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகுமா? – ஒரு தாய், மன்னார்குடி.

பதில்: வளரும் மூளைக்கு ஏற்பட்ட சேதத்தின் விளைவு இது; அந்தச் சேதம் பெருகுவதில்லை. ஆனால் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காததால், கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் மடங்கி இறுகிவிடலாம். இடுப்பு மூட்டு மெல்ல விலகவும் கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்கு இதமளிக்கலாம், ஆனால் குணமாக்காது; முரட்டுத்தனமாக உருவுவது ஆபத்து. இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் நாள்தோறும் செய்வதே பலன் தரும். கணுக்கால் தாங்கியும், தேவைப்பட்டால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் உதவும்.

குழையப் பிசைந்த சோற்றையும் நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுங்கள். படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நடை தாமதமாவதால் அறிவும் குறைவு என்று உறவினர்கள் முடிவுகட்டுவதை நான் அடிக்கடி காண்கிறேன், அது தவறு.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நிலையையும் உள்ளடக்கியது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.