குதிரை வாசம் அடிக்கிற பியர்: கேட்டவர்களுக்குப் பதில்

போன சனிக்கிழமை பண்டாரவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் சேர்ந்து ஒரேயொரு போத்தலைத் திறந்தோம். பெல்ஜியத்து கூஸ், 750 மில்லிலீட்டர், ஆளுக்கு நூறு தேறியது. அதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை, கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்துப் பதில் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மனைவியும் கேட்டாள், அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

ஹட்டன்: கூஸ் என்றால் என்ன ஐயா? ருசி எப்படி?

பிரசல்ஸ் நகரத்தைச் சுற்றி லம்பிக் என்று ஒரு பியர் காய்ச்சுகிறார்கள். மற்ற பியருக்கு ஈஸ்ட்டை வளர்த்துப் போடுவார்கள், இதற்குப் போடுவதில்லை. பார்லி மோல்ட்டும் (முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி) முளைக்கவிடாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி ஓர் இரவு திறந்தபடியே ஆறவிடுவார்கள். காட்டு ஈஸ்ட்டும் பக்டீரியாவும் தாமாக வந்து சேரும், பிறகு பழைய மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கிடந்ததைக் கலந்து போத்தலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதித்து நுரையைக் கொடுக்கிறது.

முதலில் மூக்கில் ஏறியது குதிரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழை விட்ட பிறகு நுவரெலியா ரேஸ் கோர்ஸ் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், நனைந்த சேணமும் வைக்கோலும் கலந்த அந்த வாசம். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை அது. 1904-இல் கார்ல்ஸ்பெர்க்கில் வேலை செய்த கிளாவுசன் அதை ஆங்கிலேயரின் பழைய பியரில் கண்டார், அதனால்தான் பெயரிலேயே 'பிரிட்டிஷ்' இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் குதிரை விலகிப் போகும், பின்னால் விளாம்பழம் உடைத்த வாசமும் எலுமிச்சைத் தோலும் வரும். வாயில் நல்ல புளிப்பு. இனிப்பு துளியும் இல்லை, ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. கடைசியில் நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற ஒரு துவர்ப்பு, நல்ல திம்புள்ள தேயிலையில் இருக்குமே, அந்த ஜாதி.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடிக்காதீர்கள், வாசமெல்லாம் செத்துப்போகும். 12 பாகை அளவில் இருக்கட்டும். எங்கள் ஊரில் மாலையில் அரை மணி நேரம் மேசையில் வைத்தாலே போதும். போத்தலை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்த பிறகு திறக்க வேண்டும், இதை மறக்காதீர்கள்.

தலவாக்கலை: புளித்த பியர் என்றால் கெட்டுப்போன பியர்தானே?

இல்லை. தயிரும் புளிப்புத்தான். லக்டிக் அமிலத்தின் புளிப்பு உருண்டையாக இருக்கும், தொண்டையைக் கீறாது. வினாகிரி மாதிரி மூக்கைக் குத்தினால் அசெட்டிக் அமிலம் ஏறியிருக்கிறது, பீப்பாய்க்குள் காற்று அதிகம் போயிருக்கிறது. அதுவும் ஒரு சிட்டிகை இருந்தால் நல்லது, கூடினால் சாலட்டுக்கு ஊற்றலாம்.

கண்டி: வெறி ஏறுமா அண்ணா?

மதுசாரம் ஐந்து, ஆறு வீதம். அதற்காகத்தான் என்றால் இது வேண்டாம் தம்பி, காசு வீண்.

கம்பளை: என் மச்சான் கொண்டுவந்த போத்தல் திறந்ததும் பாதி கூரைக்குப் போய்விட்டது. போலியா?

எப்படிக் கொண்டுவந்தார்? றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் என்றால் போத்தல் குலுங்கியே வந்திருக்கும், அடியில் கிடந்த ஈஸ்ட் எல்லாம் கலங்கியிருக்கும். மேலே சொன்னேன், இரண்டு நாள் நிமிர்த்தி வையுங்கள் என்று. குளிரவைத்து, தக்கையைக் கையால் அமுக்கிப் பிடித்து, மெல்லத் திருகுங்கள்.

வட்டவளை: இது கெட்டுப்போன பியர் இல்லையா?

தலவாக்கலைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஹப்புத்தளை: வேறொரு புளிப்புப் பியர் குடித்தேன். விழுங்கி ஐந்து விநாடிக்குப் பிறகு எலிக்கூண்டு நாற்றம் வந்தது. என் பிரமையா?

இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி! பிரமை இல்லை, அதற்குப் பெயரே எலி வாடைதான். அந்த வாடையைக் கொடுக்கிற பொருள் புளிப்பான திரவத்தில் இருக்கும்வரை வாசமாகக் கிளம்பாது. எச்சில் கலந்து புளிப்பு தணிந்த பிறகே கிளம்பும், அதனால்தான் கிண்ணத்தை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் பிடிபடாது. சில மாதம் சும்மா வைத்தால் மறைவதும் உண்டு. தேயிலை ருசி பார்க்கிறவன் உறிஞ்சித் துப்புவான், அந்தப் பழக்கத்தில் நானும் முதல் தடவை துப்பிவிட்டு 'நல்ல பியர்' என்று சான்றிதழ் கொடுத்தேன். விழுங்கியவர்கள் என்னைப் பார்த்த பார்வை!

தெல்தோட்டை: தேயிலையும் புளிக்க வைப்பதுதானே?

தொழிற்சாலையில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒட்சியேற்றம், காற்றுப் பட்டு நடப்பது. கொழுந்தில் உள்ள நொதியமே செய்கிற வேலை, ஈஸ்ட்டுக்கு அங்கே இடமில்லை.

மூன்று பேர்: எங்கே வாங்கலாம்?

ஒருவர் பிரசல்ஸிலிருந்து பெட்டிக்குள் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தது. நான் விற்பவன் இல்லை.

மாத்தளை: இவ்வளவு விளக்கம் எதற்கு? இது நம்ம கித்துள் கள்ளுத்தான். வெள்ளைக்காரன் பீப்பாயில் போட்டால் மட்டும் பெரிய விஷயமா?

பாதி சரி. யாரும் ஈஸ்ட் போடாமல் தானாக நொதிப்பது, ஈஸ்ட்டும் லக்டிக் பக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்வது, எல்லாம் ஒன்றுதான். தவறணையில் கள்ளு குடித்துப் பழகிய நாக்குக்கு கூஸ் அந்நியமே இல்லை, அன்றைக்கு வந்தவர்களில் முகம் சுளிக்காதவர் அப்படி ஒருவர்தான். ஆனால் கித்துள் பாளையில் வடிவதே சர்க்கரை, விழுந்த நிமிடமே நொதிக்கத் தொடங்கும். நாளைக்கு மறுநாள் வினாகிரிப் பக்கம் போய்விடும். தானியத்தில் இருப்பது மாப்பொருள். மோல்ட் அதைச் சர்க்கரையாக்க வேண்டும், அப்போதும் சாதாரண ஈஸ்ட் தின்னாத மிச்சம் நிறைய இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் பிரெட்டனோமைசிஸ் வருடக்கணக்கில் மென்றுகொண்டிருக்கிறது. மேலே ஓர் ஆடை படிந்து காற்றைக் கட்டுப்படுத்துகிறது. கள்ளுக்கு அந்த அவகாசம் கிடையாது.

மாத்தளை (மறுபடி): அவகாசம் வேண்டுமென்றால் நாங்களும் நிறுத்துவோம். பாணி காய்ச்சுவதற்குக் கித்துள் இறக்குகிற முட்டியில் ஹல் மரத்துப் பட்டை போடுவது எதற்கு?

சரி, இதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது பெரிய விஷயம். முட்டியில் பட்டை போட்டால் நொதிப்பு அடங்கும், யாழ்ப்பாணத்தில் அதற்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். லம்பிக்கில் அந்த இடத்தில் ஹொப்ஸ், பியருக்குக் கசப்புக்காகப் போடுகிற பூ. அதுவும் இரண்டு மூன்று வருடம் பழையது, கசப்பெல்லாம் போய்ப் பாலாடைக்கட்டி வாசம் அடிக்கிறது, ஆனால் பக்டீரியாவை அடக்குகிற குணம் மட்டும் மிச்சம். வித்தியாசம் என்னவென்றால், பட்டை நிறுத்துவதற்கு. ஹொப்ஸ் இழுத்துப் பிடிப்பதற்கு.

நானுஓயா: அப்படியென்றால் நுவரெலியாவில் லம்பிக் காய்ச்சலாமே? குளிர் இருக்கிறது. 1849-இலேயே ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் இங்கே பியர் காய்ச்சினார்.

அவர் காய்ச்சியது லம்பிக் இல்லை. குளிரைப் பொறுத்தவரை, பெல்ஜியத்தில் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் காய்ச்சுவார்கள். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுகிற இரவுகளும் உண்டு, ஆகவே சாறு ஆறும். நம் யூகலிப்டஸ் காட்டுக் காற்றிலிருந்து தொட்டிக்குள் என்ன வந்து இறங்கும் என்பதைக் காய்ச்சிப் பார்த்தால்தான் சொல்லலாம். லைசென்ஸ் இல்லாமல் யாரும் இறங்காதீர்கள், உள்ளே தள்ளுவார்கள்.

மாத்தளை: ஓக் பீப்பாய்க்கு எங்கே போவது? சாராயம் வைக்கிற ஹல்மில்ல மரத்தில் வைக்கலாம்.

வைக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். லம்பிக் பீப்பாய் பழையது, மரத்தின் ருசி ஏற்கனவே போயிருக்கும். வேண்டியது கசிந்து வருகிற கொஞ்சம் காற்றும், கிருமி ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் மரமும். ஆனால் சாராயம் ஊறிய மரத்தில் ஈஸ்ட் எங்கே குடியிருக்கப் போகிறது?

இறக்குவானை: ஜாம் போத்தலில் மூடி இறுக்கி வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. வெடிக்கும், கண் போகும்.

பொகவந்தலாவை: புளித்தால் கெட்டது இல்லையா ஐயா?

தலவாக்கலை!

மாத்தளை: ஞாயிறு காலை கித்துள் இறக்குகிறோம். வந்து குடித்துவிட்டுப் பேசுங்கள்.

வருகிறேன். முட்டியைக் கழுவிவிடாதீர்கள், அடியில் ஒட்டியிருக்கிற பழைய வண்டலைப் பார்க்க வேண்டும். குதிரை வாசம் அடித்தால் போத்தல்கூட வேண்டாம், முட்டியிலேயே குடிக்கிறேன்.