எச்-ஆல்ஃபாவும் எச்-பீட்டாவும் ஒத்துப்போகவில்லை என்றால்

லேசர் பிளாஸ்மாவின் எலக்ட்ரான் அடர்த்தியை ஹைட்ரஜனின் இரண்டு நிறமாலை வரிகளான எச்-ஆல்ஃபா, எச்-பீட்டா ஆகியவற்றின் அகலத்திலிருந்து கணக்கிட்டபோது, எச்-ஆல்ஃபா மூன்று மடங்கு அதிகம் காட்டுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எச்-பீட்டா தந்த 5×10¹⁶-ஐயே எடுங்கள் (ஒரு கன செ.மீ.-க்கு இத்தனை எலக்ட்ரான்கள் என்ற கணக்கில்). எச்-ஆல்ஃபாவில் மூன்று மடங்கு வருவதற்குப் பெரும்பாலும் சுய உட்கவர்தலே காரணம்: பிளாஸ்மா தன் ஒளியைத் தானே விழுங்கும்போது வரியின் உச்சி தட்டையாகி, அரை உயர அகலம் (உச்சியின் பாதி உயரத்தில் எடுக்கும் அகலம்) பொய்யாகக் கூடும். லேசர் பிளாஸ்மாவில் எச்-ஆல்ஃபா முதலில் கெடும்.

சோதிக்க, பிளாஸ்மாவுக்குப் பின்னால் ஒரு குழியாடி வையுங்கள், அதன் வளைவு மையம் பிளாஸ்மாவில் விழும்படி. வரியின் ஓரங்கள் கூடும் அளவுக்கு உச்சி கூடவில்லையென்றால் உட்கவர்தல் உறுதி.

எச்-பீட்டாவின் அகலம் 4.8 நானோமீட்டர் என்றால் அடர்த்தி 10¹⁷, உங்கள் 3 நானோமீட்டருக்கு (3/4.8)-இன் 1.468 அடுக்கு, ஏறத்தாழ பாதி. கருவி தன் பங்குக்கு வரியில் சேர்க்கும் அகலத்தைப் பாதரச விளக்கின் 546.1 நானோமீட்டர் வரியில் அளந்து நீக்கிவிட்டீர்கள்தானே? 10,000 கெல்வினில் டாப்ளர் பங்கு (அணுக்களின் வெப்ப அசைவால் வரும் அகலம்) 0.04 நானோமீட்டருக்கும் குறைவு, விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: எச்-பீட்டாவின் நடுவில் பள்ளம் இருக்கும். உச்சியை மட்டும் பார்த்து அகலம் எடுக்காமல் முழு வரிக்கும் ஒரு வளைகோட்டைப் பொருத்துங்கள். லேசர் துடிப்பு முடிந்த உடனே அளந்தால் தொடர்நிறமாலை (எல்லா அலைநீளத்திலும் பரவிய பின்னணி ஒளி) வரியை மூழ்கடித்துவிடும். அதனால் துடிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான தாமதத்தைக் கூட்டினால், இரண்டு வரிகளையும் அதே தாமதத்தில் மறுபடி எடுங்கள்.